பழைய ஜப்பானிய வாள் தகடு வாங்குகிறீர்களா?

ஜப்பானிய வாளின் அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே இருக்கும் தகடுதான் ட்சுபா. இரும்பு ட்சுபா வாங்கும்போது பூவேலையில் மயங்காமல் முதலில் நடுத்துளையைப் பாருங்கள். வாளில் பொருத்தப்பட்டிருந்த தகடென்றால், துளையோரத்தில் உளித் தடங்களோ இறுக்கத்துக்குச் செருகிய செம்புத் துண்டுகளோ பெரும்பாலும் இருக்கும். பிறகு துளைவேலையின் (அழகுக்காகத் தகட்டில் வெட்டிய துளைகளின்) உட்சுவர்களை உருப்பெருக்கியில் ஆராயுங்கள். அச்சின் இணைப்புக்கோடோ குமிழிக் குழிகளோ தெரிந்தால் அது வார்ப்புப் போலியாக இருக்கலாம். விலையே பேச வேண்டாம். கையொப்பத்தை நம்பிப் பணம் கொடுப்பது இன்னும் ஆபத்து. புகழ்பெற்ற கைவினைஞர் பெயரைப் பொய்யாகப் பொறிப்பது அங்கே பழைய தொழில்!

வாங்கியபின் பளபளப்பாக்க நினைக்காதீர்கள். அந்தக் கரும்பழுப்புப் படலத்தில்தான் மதிப்பே இருக்கிறது. அமிலமோ உப்புத்தாளோ பட்டால் போயிற்று. செந்துருவை மட்டும் மான்கொம்புத் துண்டால் மெல்லச் சுரண்டி, பருத்தித் துணியால் துடையுங்கள்.