விடுமுறை முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும் முன்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து படிவம் 1, 2 (இடைநிலைப் பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகள்) படிக்கும் பிள்ளையை முதல் முறையாகப் பள்ளி விடுதியில் நடக்கும் விடுமுறை முகாமுக்கு அனுப்புகிறீர்களா? சரி, பணம் கட்டும் முன் விடுதிக் காப்பாளருக்கு ஒரு போன் போட்டு, இரவில் எத்தனை பெரியவர்கள் அங்கேயே தங்குவார்கள், கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டால் எந்த நேரத்தில் வீட்டுக்குப் பேச விடுவார்கள் என்று கேளுங்கள். இதற்கு நேரான பதில் வராத இடத்துக்கு நான் பிள்ளையை அனுப்ப மாட்டேன். சைவம் என்றால், மாட்டிறைச்சி சாப்பிடாது என்றால், விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். ஆஸ்துமா பம்ப் பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும், ஆசிரியரிடமும் சொல்லிவையுங்கள். 12 வயதில் எடுத்த மைகார்டு (அடையாள அட்டை), அலமாரிக்குச் சின்னப் பூட்டு, வாளி, சிலிப்பர் எல்லாம் கொடுத்தனுப்புங்கள். அப்புறம், உடுப்பு எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள், விடுதியில் எல்லார் துணியும் ஒரே கொடியில்தான் காயும்.