முதல் 20 ஆட்டங்கள்: நண்பர்களோடு சேர்ந்து என்பிஏ பார்ப்பது எப்படி

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் சீசன் அக்டோபர் பின்பாதியில் தொடங்கும். தொடங்கிய மூன்றாம் நாளே எல்லா நண்பர் கூட்டத்திலும் ஒருவர் "இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான்" என்று கிளம்பிவிடுவார், இன்னொருவர் "முதல்ல இந்த கோச்சைத் தூக்கணும்" என்பார். இரண்டு பேரும் பார்த்தது இரண்டே ஆட்டம். ஒரு அணி சீசன் முழுக்க ஆடுவதோ 82. இந்த அவசரத் தீர்ப்புகளில்தான் ஆரம்ப வாரங்களின் சுவையே இருக்கிறது, அதை விடச் சொல்லமாட்டேன். ஆனால் முதல் 20 ஆட்டங்களை, அதாவது ஏறக்குறைய நவம்பர் கடைசி வரை, கொஞ்சம் திட்டமிட்டுப் பார்த்தால் சண்டை இன்னும் நன்றாக இருக்கும், அதில் நீங்கள் ஜெயிக்கவும் வாய்ப்பு அதிகம்.

முதலில் ஆட்களைச் சேர்க்க வேண்டும். எல்லாரும் ஒரே அணியின் ரசிகர்களாக இருந்தால் நவம்பர் பாதியிலேயே சலித்துவிடும். ஜெயித்தால் சேர்ந்து குதிப்பீர்கள், தோற்றால் சேர்ந்து வாயை மூடிக்கொள்வீர்கள், பேச ஒன்றும் மிஞ்சாது. நாலைந்து பேர், குறைந்தது மூன்று அணிகள் என்றால் சரியாக வரும். ஆளுக்கு ஒரு சொந்த அணி இருக்கட்டும், அப்புறம் எதிர் கான்ஃபரன்ஸில் துணைக்கு ஒரு அணி. மொத்தமுள்ள 30 அணிகளும் ஈஸ்ட், வெஸ்ட் என்ற இரண்டு கான்ஃபரன்ஸாக, ஒவ்வொன்றிலும் 15 என்று பிரிந்திருக்கின்றன. ஈஸ்ட் அணிகளின் ஆட்டம் பெரும்பாலும் அங்கே மாலை 7 அல்லது 7.30-க்குத் தொடங்கும், மேற்குக் கடற்கரை அணிகளின் ஆட்டம் அதற்கு மூன்று மணி நேரம் கழித்து. அதனால் இரண்டு பக்கமும் ஓர் அணி இருந்தால், ஒரு நேரம் ஒத்துவராத நாளில் இன்னொன்று ஒத்துவரும். வெளிநாட்டிலிருந்து பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். கடிகாரத்தை மாற்றாத நாட்டில் நீங்கள் இருந்தால், அன்றிலிருந்து எல்லா ஆட்டமும் உங்களுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கும். குரூப்பில் யாராவது ஒருவர் முந்தைய நாளே இதைச் சொல்லிவிட்டால் நல்லது.

அட்டவணை ஆகஸ்டிலேயே வந்துவிடும். அதில் ஓர் அணிக்கு 80 ஆட்டம்தான் இருக்கும், மீதி இரண்டும், சீசனுக்கு நடுவே நடக்கும் என்பிஏ கப் என்ற தனிக் கோப்பைப் போட்டியின் முடிவைப் பொறுத்து டிசம்பரில் சேரும். எல்லா ஆட்டத்தையும் பார்த்தே தீருவேன் என்று யாரும் சபதம் எடுக்க வேண்டாம். வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு ஆட்டம், ஒவ்வொன்றும் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல், அதுவும் இரண்டு அணிக்கு என்று கணக்குப் போட்டால் வேலை, வீடு எல்லாம் போய்விடும். வாரத்துக்கு ஓர் ஆட்டம் எல்லாரும் சேர்ந்து முழுசாகப் பாருங்கள், மற்றவற்றுக்கு ஹைலைட்ஸ் போதும்.

அந்த ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். அடுத்தடுத்த இரண்டு நாளும் ஓர் அணி ஆடினால் அதை பேக்-டு-பேக் என்பார்கள், அதில் இரண்டாம் நாள் ஆட்டத்தைத் தவிர்த்துவிடுங்கள். கால் சோர்ந்திருக்கும், பெரிய வீரர் யாராவது வெளியே உட்கார்ந்திருப்பார், அதை வைத்து அணியைப் பற்றி எதுவும் முடிவு செய்ய முடியாது. காயப்பட்டியலை அணிகள் வழக்கமாக ஆட்டத்துக்கு முந்தைய நாள் மாலையிலேயே கொடுத்தாக வேண்டும், பேக்-டு-பேக்கின் இரண்டாம் ஆட்டத்துக்கு மட்டும் அன்றைக்கே வரும். அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெரிய வீரர் பெயருக்கு நேரே 'கொஸ்டினபிள்' (ஆடுவது சந்தேகம்) என்று போட்டிருந்தால் நம்பி நேரத்தை ஒதுக்காதீர்கள். 2023-லிருந்து, தேசியத் தொலைக்காட்சியில் வரும் ஆட்டங்களிலும் கப் ஆட்டங்களிலும் நல்ல உடல்நிலையில் இருக்கும் நட்சத்திர வீரர்களுக்குச் சும்மா ஓய்வு கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது, அதனால் இப்படிப்பட்ட இரவுகளைத் தேர்ந்தெடுப்பது கொஞ்சம் பாதுகாப்பு.

நேரமே இல்லை, கால் மணி நேரம்தான் என்றால் எல்லாரும் கடைசி ஐந்து நிமிடத்தைப் பார்க்கச் சொல்வார்கள். சீசன் ஆரம்பத்தில் நான் அதைச் சொல்லமாட்டேன். இரண்டாம் குவார்ட்டரின் முதல் ஆறு நிமிடத்தைப் பாருங்கள். அப்போதுதான் பெஞ்சிலிருந்து வந்தவர்கள் ஆடுவார்கள், கோச் யாரை நம்புகிறார், யாரைச் சோதிக்கிறார், கோடையில் வாங்கிய புது ஆள் எங்கே பொருந்துகிறார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். கடைசி ஐந்து நிமிடம் ஏப்ரலிலும் அப்படியேதான் இருக்கும்.

ஸ்பாய்லர் விஷயத்துக்கு முதல் நாளே ஒரு சட்டம் போட்டுவிடுங்கள். என்பிஏ ஆப்பில் ஸ்கோரை மறைத்து வைக்கும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளலாம்; ஆனால் நண்பனின் வாயை மறைக்கும் வசதி எந்த ஆப்பிலும் இல்லை. வாட்ஸ்அப்பில் சேர்ந்து பார்க்கும் ஆட்டத்துக்குத் தனி குரூப் வைத்து, பார்த்து முடித்தவர் மட்டும் அதைத் திறக்கலாம் என்று வையுங்கள். பொதுக் குரூப்பில் ஸ்கோர் மட்டுமில்லை, "அய்யோ" என்று ஒரு வார்த்தை, தலையில் கை வைத்த ஒரு பொம்மை, ராத்திரி திடீரென்று வரும் "யாராவது முழிச்சிருக்கீங்களா?", எல்லாமே ஸ்பாய்லர்தான்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். வெற்றி தோல்விக் கணக்கு ஆரம்பத்தில் பொய் சொல்லும், சில சமயம் நம்பவே முடியாத அளவுக்கு. 2023-ல் ஸ்பர்ஸ் அணியின் புதுமுகம் வெம்பன்யாமா தன் ஐந்தாவது என்பிஏ ஆட்டத்திலேயே ஃபீனிக்ஸுக்கு எதிராக 38 புள்ளி எடுத்தார், ஸ்பர்ஸ் 3 வெற்றி, 2 தோல்வி. அன்று ஸ்பர்ஸ் ரசிகர்களைப் பிடிக்கவே முடிந்திருக்காது. அதற்கு அடுத்த 18 ஆட்டத்தையும் அந்த அணி தொடர்ந்து தோற்றது, சீசன் முடிவில் 22 வெற்றி. அதே சீசனில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் முதல் மூன்றில் இரண்டை ஜெயித்தது, பிறகு தொடர்ந்து 28 தோல்வி. அதற்கு முந்தைய ஆண்டு யூட்டா ஜாஸ் 10-3 (10 வெற்றி, 3 தோல்வி) என்று தொடங்கி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது, முடித்தது 37-45.

தலைகீழாகவும் நடக்கும். 2010-ல் லெப்ரான் ஜேம்ஸ் போய்ச் சேர்ந்த மயாமி ஹீட் 9-8 என்று தடுமாறியது, அந்த சீசனில் 58 ஆட்டம் ஜெயித்து இறுதிப் போட்டி வரை போனது. 2022-ல் லேக்கர்ஸ் 2-10. பிப்ரவரி டிரேடுகளில், அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதில், அணியின் முகமே மாறி, பிளே-இன் என்ற தகுதி ஆட்டம் வழியாக பிளேஆஃபுக்குள் (சீசனுக்குப் பின் வரும் பட்டத்துக்கான சுற்றுகள்) நுழைந்து வெஸ்ட் இறுதி வரை போய்விட்டது. 2024-25-ல் இண்டியானா பேசர்ஸ் 10-15 என்று இருந்தது. அதே பேசர்ஸ்தான் ஜூனில் ஓக்லஹோமா சிட்டி தண்டரோடு சாம்பியன் பட்டத்துக்கு ஏழாவது ஆட்டம் வரை போராடியது. அதே சீசனில் 15-0 என்று தொடங்கிய கிளீவ்லண்ட், 64 வெற்றியோடு முடித்து, இரண்டாம் சுற்றில் யாரிடம் தோற்றது தெரியுமா? இதே பேசர்ஸிடம். எப்போதுமே ஆரம்பம் பொய் என்றும் சொல்ல முடியாது, 2015-ல் 24-0 என்று தொடங்கிய வாரியர்ஸ் 73-9 வரை போனதே. (இறுதிப் போட்டியில் தோற்றது வேறு கதை, அதை வாரியர்ஸ் ரசிகரிடம் எடுக்காதீர்கள். அல்லது எடுங்கள், உங்கள் இஷ்டம்.) "கோச்சைத் தூக்கு" கோஷ்டிக்கும் ஓர் உதாரணம் இருக்கிறது: 2012-ல் லேக்கர்ஸ் 1-4 என்று தொடங்கியதும் ஐந்தே ஆட்டத்தில் மைக் பிரவுனை அனுப்பிவிட்டார்கள். சீசன் 45-37, பிளேஆஃப் முதல் சுற்றில் நான்குக்கு நான்கும் தோல்வி.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில் புள்ளி வித்தியாசம். ஓர் அணி 7-3 என்று இருக்கிறது, ஆனால் ஏழு வெற்றியும் இரண்டு மூன்று புள்ளியில், மூன்று தோல்வியும் இருபதில் என்றால் அந்த 7-3 நிற்காது. இதையே நூறு பொசஷனுக்கு (பந்து ஓர் அணியின் கையில் இருக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பொசஷன்) எத்தனை புள்ளி கூடுதல், எத்தனை குறைவு என்று கணக்கிட்டால் நெட் ரேட்டிங், என்பிஏ தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். அடுத்தது த்ரீ, அதாவது தூரத்திலிருந்து போட்டு மூன்று புள்ளி எடுக்கும் ஷாட். ஓர் அணி ஆட்டத்துக்கு எத்தனை த்ரீ முயல்கிறது என்பது சீக்கிரமே நிலைத்துவிடும், அது கோச்சின் திட்டம். எத்தனை விழுகிறது என்பது பல வாரம் ஆடிக்கொண்டே இருக்கும். எதிரணியின் த்ரீ சதவீதம் இன்னும் மோசம், நவம்பரில் "எங்க டிஃபென்ஸ் பிரமாதம்" என்று நண்பர் சொன்னால் எதிரணி காலியாக நின்று போட்ட த்ரீ எத்தனை தவறியது என்று கேளுங்கள். யாரும் தடுக்காமல் போடும் ஃப்ரீ த்ரோவை எதிரணி தவறவிட்டதற்கெல்லாம் டிஃபென்ஸ் பெருமை கொண்டாட முடியாது. அப்புறம் யாரோடு ஆடினார்கள், எங்கே ஆடினார்கள். முதல் பத்தில் ஏழு சொந்த மைதானத்தில் என்றால் அதற்கான கடன் ஜனவரியில் வந்து நிற்கும்.

இதையெல்லாம் ஒருவரே பார்த்தால் பரீட்சைக்குப் படிப்பது போல ஆகிவிடும், நண்பர்கள் இருப்பதே இதற்குத்தான். ஒருவர் நிமிடங்களைப் பார்க்கட்டும்: யாருக்கு 34 நிமிடம், யாருக்கு 9, போன வாரத்தைவிட யார் ஏறினார், யார் இறங்கினார். ஒருவர் காயப்பட்டியல், அட்டவணை. எண் பிடித்தவர் நெட் ரேட்டிங். எண் பிடிக்காத, வாய் அதிகமுள்ள நண்பருக்கு ரூக்கிகளை, அதாவது முதல் சீசன் ஆடும் புதுமுகங்களை, கொடுத்துவிடுங்கள், அவர் வாரத்துக்கு ஒரு புது சூப்பர் ஸ்டாரைக் கண்டுபிடித்துவிடுவார். கூடைப்பந்தே புதிது என்று ஒருவர் வந்து சேர்ந்தால் விதிகளை வகுப்பெடுக்காதீர்கள். 24 வினாடிக்குள் ஷாட், ஆளுக்கு ஆறு ஃபவுல் ஆனால் வெளியே, இவ்வளவு போதும். ஒரு வீரரைக் காட்டி, இவரை மட்டும் பார் என்று சொல்லுங்கள், மற்றது தானாக வரும்.

இனி விளையாட்டுக்குள் விளையாட்டு. நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆட்டத்துக்கேற்பப் புள்ளி வாங்கும் ஃபேன்டசி லீக் ஆடலாம், ஆனால் தினமும் வீரர்களை மாற்றச் சொல்லும் அது, மூன்றாம் வாரத்தில் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். சோம்பேறிகளுக்கும் சரிப்படுவது வெற்றிக் குளம்தான். முதல் ஆட்டத்துக்கு முன்பே உட்கார்ந்து அணிகளைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்: ஐந்து பேர் என்றால் ஆளுக்கு ஆறு, ஆறு பேர் என்றால் ஆளுக்கு ஐந்து, நாலு பேர் என்றால் ஆளுக்கு ஏழு, யாருக்கும் வேண்டாத இரண்டு அணி வெளியே. முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவர் இரண்டாம் சுற்றில் முதலில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் குலுக்கலில் முதலில் வந்தவருக்கே எல்லாம் போய்விடும். உங்கள் அணிகளின் ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு புள்ளி. இதில் நான் கட்டாயம் சேர்க்கச் சொல்வது ஒன்று: ஒவ்வொருவரும் ஓர் அணியின் தோல்வியை எடுத்துக்கொள்ளட்டும், அந்த அணிக்கு மட்டும் தோற்றால்தான் புள்ளி. அப்போதுதான் கடைசி இடத்திலிருக்கும் இரண்டு அணிகள் மோதும் ஆட்டத்தைக்கூட ஒருவர் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்ப்பார். பணம் வேண்டாம், பணம் வந்தால் நட்பு போய்விடும். தோற்றவரின் புரொஃபைல் படத்தை ஒரு மாதத்துக்கு வென்றவர் முடிவு செய்யலாம், அது போதுமான தண்டனை.

கூடவே ஆளுக்கு ஐந்து ஆரூடம் எழுதி, தேதி போட்டு, யாரும் திருத்த முடியாத இடத்தில் வையுங்கள். "நல்லா ஆடுவாங்க" என்பதெல்லாம் ஆரூடம் ஆகாது. முதல் ஆறு இடத்துக்குள் வந்து நேராக பிளேஆஃப் போகுமா, 7 முதல் 10-க்குள் விழுந்து பிளே-இன் ஆடுமா, அதற்கும் கீழேயா என்று பிடிபடும்படி எழுத வேண்டும்.

நவம்பரில் ஆட்டம் தொய்வடைகிறது என்று தோன்றினால் என்பிஏ கப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2023-ல் ஆரம்பித்தது, கப் ஆட்டங்களுக்கென்றே போட்ட வண்ண வண்ணத் தரையைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள் நிறையப் பேர். ஐந்து அணிகள் கொண்ட ஆறு குரூப், ஓர் அணிக்கு நாலு குரூப் ஆட்டம், ஆறு குரூப்பின் முதலிடமும் இன்னும் இரண்டு அணியும் நாக்-அவுட்டுக்கு. சம நிலை வந்தால் புள்ளி வித்தியாசமும் கணக்கில் வரும் என்பதால், 15 புள்ளி முன்னிலையில் இருக்கும் அணிகூட கடைசி நிமிடத்தில் விடாமல் ஷாட் போடும். சாதாரண நவம்பர் ஆட்டத்தில் இதைப் பார்க்கவே முடியாது. முதல் கோப்பை லேக்கர்ஸுக்கு, 2024-ல் மில்வாக்கி பக்ஸுக்கு. இறுதிப் போட்டி 82-ல் சேராது, உங்கள் வெற்றிக் குளத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதற்கே ஒரு வாரம் சண்டை ஓடும்.

டிசம்பர் 15 வந்ததும் ஆரூடங்களைத் திறந்து உரக்கப் படியுங்கள். அந்தத் தேதியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது: கோடையில் ஒப்பந்தமான வீரர்களில் பெரும்பாலானோரை அன்றிலிருந்துதான் டிரேடு செய்ய முடியும், அதாவது அணிகள் தங்கள் தவறுகளைத் திருத்த ஆரம்பிக்கும் நாள். உங்கள் குளத்திலும் அன்று ஆளுக்கு ஓர் அணியை மாற்றிக்கொள்ள அனுமதி கொடுங்கள், இருவரும் சம்மதித்தால் மட்டும். பேரம் பத்து நாளைக்கு இழுக்கும், அதற்குள் கிறிஸ்துமஸ் வந்துவிடும், அன்று வரிசையாக ஐந்து ஆட்டம்.