பழம் போத்தலை வாயிலிருந்து வாசியுங்கள்

திருகோணமலை ஓர்ஸ் ஹில் பக்கம் கிணறு தூர்வாரிய தம்பி ஒருவர் சாக்கில் சுற்றி ஒரு போத்தல் கொண்டு வந்தார். "அண்ணே, வெள்ளைக்காரன்ர பியர்ப் போத்தல். நூற்றைம்பது வருசத்துச் சாமான்" என்றார். கரும்பச்சைக் கண்ணாடி. மேலே இங்கிலாந்துச் சிற்றூர் ஒன்றின் பியர் ஆலைப் பெயர் புடைத்த எழுத்தில் நின்றது. பெயரைக் கண்டதும் எனக்கும் புத்தி மயங்கிவிட்டது. 2,000 ரூபா எண்ணிக் கொடுத்தேன். இரவு டோர்ச் அடித்துப் பார்த்தால், பக்கத்துப் பொருத்துக் கோடு, அதாவது அச்சின் இரு பாதிகள் சேர்ந்த தடம், உதட்டையும் தாண்டி ஏறி நிற்கிறது. இயந்திரத்தில் செய்த போத்தல். நூற்றைம்பதாவது, மண்ணாங்கட்டியாவது.

அப்பா உப்புவெளி வரை சைக்கிள் மிதித்துப் பழம் போத்தல் எடுத்தவர். நானும் நாற்பது வருசமாக அதே தொழில்தான். அப்படியிருந்தும் பெயரை முதலில் வாசித்தேன். அந்தப் பிழையை நீங்கள் விடக்கூடாது.

திருகோணமலை மண்ணில் இவை கிடைப்பதில் அதிசயமில்லை. 1795இல் ஒல்லாந்தரிடம் கோட்டையைப் பிடித்த ஆங்கிலேயர், 1957 வரை இங்கே கடற்படைத் தளம் வைத்திருந்தார்கள். குடித்து முடித்த போத்தல் குழிக்குள் போகும், இல்லாவிட்டால் கடலுக்குள் போகும்.

முதல் வேலை கழுவுவது. ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டு, உள்ளே ஒரு பிடி அரிசியும் கொஞ்சத் தண்ணீரும் விட்டுக் குலுக்குங்கள். மணல் போட்டால் கீறும். அசிட் வேண்டவே வேண்டாம். லேபல் காகிதம் ஒரு நகத்தளவு ஒட்டியிருந்தாலும் ஊறவிடாதீர்கள்.

பிறகு வாய். தக்கை அடைத்த வாய் என்றால் உதடு தடித்து, சற்றுக் கோணலாக இருக்கும்; கைவேலை. வாய்க்குள் புரி ஓடினால் திருகுமூடிப் போத்தல். அந்த மூடி 1870களில் இங்கிலாந்தில் வந்தது. மேலே தகர மூடி கவ்வும் விளிம்பு இருந்தால், அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை பெற்ற மூடிக்குச் செய்தது. கழுத்துக்குள் போளை உருள்கிறதா? அது சோடா, பியர்க் கதையில் சேர்க்காதீர்கள்.

என் போத்தலின் வாயிலும் புரி இருந்தது. பெயரோடு சேர்ந்து என்னை ஏமாற்றியது அதுதான். 1870 என்றதும் மனம் அங்கேயே போய் உட்கார்ந்துவிட்டது. இங்கிலாந்துப் பியர் ஆலைகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் திருகுமூடியை விடவில்லை என்பதை மறந்துபோனேன். வாய் சொல்வது தொடக்கத்தை மட்டும், முடிவைச் சொல்லாது. அதனால்தான் அடுத்துப் பொருத்துக் கோட்டைப் பார்க்க வேண்டும். கோடு கழுத்தோடு மறைந்தால் உதட்டைக் கையால் வைத்திருக்கிறார்கள். உதட்டின் மேலாலும் ஓடினால் இயந்திரம். ஓவன்ஸ் என்ற அமெரிக்கரின் தானியங்கிப் போத்தல் இயந்திரம் வந்தது 1903இல்.

அடியில் உள்ள எழுத்துகள் பெரும்பாலும் கண்ணாடி வார்த்தவருடையவை. பியர்க்காரருடையவை என்று எண்ணி அலையாதீர்கள்.

இப்போதுதான் பெயர். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரில் பாஸ் என்ற பியர் ஆலை 1777இல் தொடங்கியது. உலகெல்லாம் அதன் பியரைக் குடித்தது. ஆனால் பீப்பாயில் வாங்கிப் போத்தலில் அடைத்து அனுப்பியவர்கள் பல வேளை வேறு வியாபாரிகள். ஆகவே போத்தலில் உள்ள பெயர் காய்ச்சியவருடையதா, அடைத்தவருடையதா என்று பிரித்துப் பாருங்கள். பாஸின் சிவப்பு முக்கோணம் 1876 ஜனவரி 1 அன்று பதிவான பிரித்தானியாவின் முதல் வணிகச் சின்னம். அது காகிதத்தில்தான் இருந்தது. கடற்கரை மண்ணில் காகிதம் எத்தனை நாள் நிற்கும்?

சிற்றூர் ஆலைகளின் கதை வேறு. தம் ஊர்த் தவறணைகளுக்குக் குதிரைவண்டியில் அனுப்பி, வெறும் போத்தலைத் திரும்ப வாங்குவார்கள். அதற்காகத்தான் பெயரைக் கண்ணாடியிலேயே புடைத்தார்கள். அப்படிப்பட்ட போத்தல் இங்கே கிடந்தால், கப்பல்காரர் எவரோ பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்திருப்பார் என்பது என் கணிப்பு.

பெயர் தெரிந்தபின் அந்த ஆலையின் வரலாற்றில் முதலில் 'லிமிட்டெட்' எப்போது சேர்ந்தது என்று தேடுங்கள். அந்தச் சொல் போத்தலில் இருந்தால் அந்த ஆண்டுக்கு முந்தியதல்ல என்று துணிந்து சொல்லலாம். அடுத்து, ஆலையின் தண்ணீர். பர்ட்டன் கிணறுகளில் ஜிப்சம் கரைந்திருக்கிறது. வெளிறிய, கசப்பான பியருக்கு அது நன்றாகப் பொருந்தும். கன்னியாவின் ஏழு கிணற்றிலும் சூடு வேறு வேறு என்று தெரிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கட்டடத்தின் படத்தையும் பாருங்கள். ஒக்ஸ்போர்ட்ஷயரின் ஹூக் நோர்ட்டன் கிராமத்தில் ஜோன் ஹரிஸ் என்பவர் 1849இல் தொடங்கிய ஆலை இன்றும் காய்ச்சுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டடக் கலைஞர் வில்லியம் பிராட்போர்ட் வரைந்த கோபுரம் அதற்கு. நீராவி இயந்திரம் தண்ணீரை மேலே ஏற்றும்; முளைவிட்ட பார்லியும் மேலே போகும். அங்கிருந்து ஊறலும், ஹொப்ஸ் என்ற கசப்புப் பூ போட்ட கொதியும், ஆறலும், நொதியும் தட்டுத் தட்டாகக் கீழிறங்கிப் பீப்பாயில் முடியும். நம் வீட்டு மேல்தாங்கித் தண்ணீர் குழாய்க்கு வருகிற அதே வித்தை.

ஒன்று மட்டும்: தொல்பொருள் தேடிக் கிண்டச் சட்டப்படி அனுமதி வேண்டும். வேறு வேலைக்குத் தோண்டும்போது வெளிப்படுவதைப் பாருங்கள். இரும்பாக, கனமாக ஏதும் தட்டுப்பட்டால் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். 1942இல் இங்கே ஜப்பானியக் குண்டு விழுந்தது.

என் போத்தல் பெரும்பாலும் 1903க்குப் பிந்தியது. 1957க்கு முந்தியதாக இருக்கும். அடுத்த நாள் தம்பிக்குச் சொன்னேன். "அப்ப காசைத் திருப்பித் தரவோ அண்ணே?" என்றார். வேண்டாம், அடுத்ததை வேறெவருக்கும் காட்ட முதல் என்னிடம் கொண்டு வா என்றேன்.