நடை நல்லதுதான், நிறுத்த முடிகிறதா?

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் விடியுமுன்னே நடக்கக் கிளம்பும் பெண்களைப் பார்க்க மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் உடற்பயிற்சியே நோயாக மாறும் சிலரை நாம் பாராட்டிப் பாராட்டியே தவறவிடுகிறோம்.

மணிக்கணக்கை மட்டும் பார்ப்பது முதல் தவறு. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதைத் தாண்டினாலே நோய் என்று அர்த்தமில்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நாள்கணக்கில் நடக்கிறார்களே! அந்த நடைக்கு முடிவு உண்டு, வழியெங்கும் சோறும் துணையும் உண்டு. காய்ச்சலிலும் கணுக்கால் வீக்கத்திலும் நிறுத்த முடியாமல், ஒருநாள் விட்டால் எரிச்சலும் குற்ற உணர்வும் தூக்கமின்மையும் வருகிறதென்றால் அதுதான் அடிமைத்தனம்.

விருந்தில் இரண்டு கந்தரப்பம் சாப்பிட்டதற்கு மறுநாள் தண்டனையாக ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடுவது அடுத்த தவறு. “ஆச்சி, நன்றாக இளைத்துவிட்டீர்களே” என்ற பாராட்டு இந்தக் கணக்குக்கு வலுச் சேர்க்கிறது. தயவுசெய்து எடையைப் பற்றிப் பேசாதீர்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மாதவிடாய் நின்றதை “அதிகப் பயிற்சியால்தானே” என்று விட்டுவிடுவது. உழைப்புக்கு ஏற்ற உணவு கிடைக்காதபோது மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி பிட்யூட்டரி சுரப்பி வழியாகச் சினைப்பைக்கு அனுப்பும் சைகையைக் குறைக்கிறது, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சரிகிறது, எலும்பு மெலிகிறது. கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழுவது இதன் விளைவாக இருக்கலாம். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்த ஆற்றல் பற்றாக்குறைக்கு RED-S என்று தனிப்பெயரே சூட்டியது. இது விளையாட்டு வீராங்கனைகளுக்கு மட்டும் வருவதில்லை. எடை இயல்பாக இருப்பவருக்கும் வரும். கருத்தடை மாத்திரையால் வரும் இரத்தப்போக்கைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டதென்று நினைக்கவும் கூடாது. கர்ப்பம் இல்லாமல் மூன்று மாதம் தள்ளிப்போனால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். பயிற்சி அளவையும் உணவையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வீட்டார் செய்யும் தவறும் ஒன்றுண்டு: காலணியை ஒளித்துவைப்பது, வாசலை அடைப்பது. பிடுங்கப்பட்டால் பயிற்சி மாடிக்கும் குளியலறைக்கும் ஒளிந்துகொள்ளும். “நடக்காத நாளில் மனம் எப்படி இருக்கிறது?” என்று கேளுங்கள். பதிலில் பயம் தெரிந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். தயக்கமாக இருந்தால், மனநல ஆலோசனைக்கான அரசின் இலவச எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.