கையில் இருக்கும் போனிலேயே ஊர்க் கபடியை லைவ் விடுவது எப்படி?

எங்கள் ஊர்ப் பொங்கல் கபடியை முதல் தடவை நான் யூடியூபில் லைவ் விட்டபோது அரையிறுதி வரை ஒரு குறையும் இல்லை. அரையிறுதியில், ரெய்டு போன பையன் நடுக்கோட்டைத் தொடக் கையை நீட்டியபடியே நின்றுவிட்டான். மைதானத்தில் ஆட்டம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. உறைந்து நின்றது என் ஒளிபரப்புதான். பக்கத்தில் நின்ற நண்பனின் போனுக்கு துபாயிலிருந்து என் சித்தி மகன் கூப்பிட்டான். "என்னண்ணே, அவன் இன்னுமா கோட்டைத் தொடல?"

காரணம் ரொம்பச் சாதாரணம். என் சிம்மில் ஒரு நாளைக்கு 2 ஜிபி. அது தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் ஒரு குட் மார்னிங் படம் போவதற்கே திணறும் வேகம் அது.

அதன் பிறகு வருஷா வருஷம் லைவ் விட்டுக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். கேமரா, லென்ஸ் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஐந்தாறு வருஷத்துப் போனின் கேமராவே போதும். ஆட்டத்தைக் கெடுப்பது எப்போதும் அப்லோடுதான், அதாவது நம் போனிலிருந்து நெட்டுக்கு ஏற்றும் வேகம். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன் ஒன்று, ஒரு ஸ்டாண்ட், பவர் பேங்க், சில நூறு ரூபாய்க்கு ஆடியோ கேபிள். செலவு அவ்வளவுதான்.

படி 1: சேனலை முன்கூட்டியே திறந்து வையுங்கள்

யூடியூபில் லைவ் வசதியை முதல் தடவை ஆன் செய்யும்போது போன் நம்பரைச் சரிபார்ப்பார்கள். வசதி கைக்கு வர 24 மணி நேரம் வரை ஆகலாம். போட்டி அன்று காலையில் உட்கார்ந்து இதைச் செய்தால் அழுவதைத் தவிர வழியில்லை. இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

யூடியூப் ஆப்பிலிருந்து நேரடியாக லைவ் போக குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும். புது சேனல் என்றால் அது இருக்காது. கவலை வேண்டாம். யூடியூப் ஸ்டுடியோவில் போய் ஒரு லைவை உருவாக்கினால் 'ஸ்ட்ரீம் கீ' என்று நீளமாக ஒரு சங்கேதச் சொல் தருவார்கள். அதை லாரிக்ஸ் பிராட்காஸ்டர், பிரிசம் லைவ் ஸ்டுடியோ மாதிரி ஏதாவது ஒரு ஆப்பில் போட்டு அதிலிருந்து அனுப்பலாம். இந்த வழிக்கு 50 பேர் கணக்கு கிடையாது. ஆப்பின் இலவசப் பதிப்பில் என்னென்ன கட்டுப்பாடு என்று மட்டும் முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீம் கீயை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டுவிடாதீர்கள். அது யார் கையில் இருக்கிறதோ அவர் உங்கள் சேனலில் எதை வேண்டுமானாலும் ஓட்டலாம்.

அப்புறம், விழாக் கமிட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 2: டேட்டாவுக்கு ஒரு கணக்கு

720பி தரத்தில் 2.5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2.5 மெகாபிட்) வீடியோ வைத்துக்கொள்வோம். கூட ஆடியோவுக்கு 128 கேபிபிஎஸ். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1.2 ஜிபி ஆகும். தினம் 2 ஜிபி பேக் ஒன்றே முக்கால் மணி நேரம் கூடத் தாங்காது என்பது இப்போது புரிந்திருக்கும். ராத்திரி எட்டு மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடக்கும் போட்டி என்றால் 12 ஜிபிக்குக் குறையாமல் கையில் வையுங்கள். தினசரி வரம்புள்ள பேக்கின் மேல் டேட்டா பூஸ்டர் போட்டுக்கொண்டால் போதும்.

இன்னொன்று. 12 மணி நேரத்தைத் தாண்டும் லைவை யூடியூப் முழுதாகச் சேமித்து வைக்காது. இறுதி ஆட்டத்துக்கு முன்னால் பழையதை முடித்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்குவது நல்லது. இறுதி ஆட்டத்தைத் தேடுகிறவர்களுக்கும் அது சுலபம்.

படி 3: சிக்னல் (இதில்தான் எல்லாம் இருக்கிறது)

முதல் நாள் மாலை காலி மைதானத்தில் ஸ்பீட் டெஸ்ட் போட்டு "20 எம்பிபிஎஸ் வருதுடா!" என்று துள்ளுவோம். மறுநாள் இரண்டாயிரம் பேர் கூடி, ஆளுக்கு ஒரு ரீல்ஸ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அது 2 ஆகியிருக்கும். கம்பி மட்டும் முழுசாக நாலும் நிற்கும். கம்பி காட்டுவது டவரின் சத்தம் உங்களுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டுமே. உங்கள் முறை எப்போது வரும் என்பதை அது காட்டாது.

இங்கே கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். டவர் பல பத்து வாட் சக்தியில் பேசுகிறது. உங்கள் போன் அதிகபட்சம் ஏறத்தாழ 0.2 வாட்டில் பதில் சொல்கிறது. கோவில் ஒலிபெருக்கி பேசுவது உங்களுக்குக் கேட்கும். நீங்கள் இங்கிருந்து கத்துவது மைக் முன் நிற்பவருக்குக் கேட்குமா? அப்லோடின் நிலைமை அதுதான். போதாக்குறைக்கு 5ஜியின் பிரதான அலைவரிசையில் (இந்தியாவில் 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்) ஏற்றவும் இறக்கவும் ஒரே பாதைதான், நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்தப் பங்கில் பெரும்பகுதி டவுன்லோடுக்குப் போய்விடும். நாம் எல்லோரும் பார்ப்பதற்குத்தான் போன் வைத்திருக்கிறோம் என்ற கணிப்பில் கட்டிய நெட்வொர்க் அது.

இனி செய்ய வேண்டியது:

முதலில், மைதானத்துக்குப் பக்கத்து வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஒரு டீ வாங்கிக் கொடுத்து வைஃபை பாஸ்வேர்டு கேளுங்கள். முடிந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சேருங்கள். கூட்டத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சந்தைக்கடை மாதிரி இரைச்சலாக இருக்கும்.

ஃபைபர் இல்லையென்றால், வெவ்வேறு கம்பெனி சிம்களைக் கடன் வாங்கி, கூட்டம் கூடியிருக்கும் வேறொரு நாளில் (ஊர்ச் சந்தை, கொடியேற்றம்) ஒவ்வொன்றிலும் அப்லோடைச் சோதியுங்கள். மூன்று நான்கு தடவை எடுத்து, அதில் மோசமானதைக் கணக்கில் கொள்ளுங்கள். உங்கள் பிட்ரேட் (ஆப் நொடிக்கு அனுப்பும் டேட்டா அளவு) அதில் பாதிக்கு மேல் போகக் கூடாது. மோசமானது 5 வந்தால் 2.5 வைக்கலாம். 3 வந்தால் 480பிக்கு இறங்கி 1.2 வையுங்கள். தெளிவு கொஞ்சம் குறைந்தாலும் ஓடுகிற படத்தை ஜனங்கள் பார்ப்பார்கள். நிற்கிற படத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவினால் செட்டிங்கில் போய் 4ஜி மட்டும் என்று பூட்டிவிடுங்கள். டவர் தூரத்தில் இருக்கும் ஊர்களில் இது ஆச்சரியமாக வேலை செய்யும்.

அடுத்தது உயரம். நான் செய்வது இது: பழைய போனில் சிம்மைப் போட்டு, ஹாட்ஸ்பாட் ஆன் செய்து, மைதான ஓரத்து மொட்டை மாடியில் டவர் இருக்கும் திசை பார்த்து வைத்துவிடுவேன். ஒரு வருஷம் மாடி கிடைக்காமல் மூங்கில் கம்பு உச்சியில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கட்டினோம். பார்க்கக் கேவலமாக இருந்தது, அப்லோடு இரண்டு மடங்கானது. மனித உடம்பு முழுக்கத் தண்ணீர். கூட்டத்துக்கு நடுவே கீழே இருக்கும் போனின் சிக்னலை அது குடித்துவிடும். கேமரா போன் கீழே அந்த ஹாட்ஸ்பாட்டின் வைஃபையில் மட்டும் இருக்கும். அதன் சூடும் குறையும்.

படி 4: ஆப்பில் வைக்க வேண்டியவை

போன் படுத்த நிலையில். 720பி. ஒரு நொடிக்கு 25 படம். ஏன் 30 இல்லை என்றால், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில ஃப்ளட்லைட்டுகள் அந்தத் தாளத்தில் மினுக்கும். 25 படமும் ஷட்டர் 1/50ம் வைத்தால் மினுக்கல் பெரும்பாலும் போய்விடும். கீஃப்ரேம் (மாற்றங்களை மட்டும் அனுப்பாமல் முழுப் படமாக அனுப்பும் ஃப்ரேம்) இடைவெளி 2 நொடி. 'அடாப்டிவ் பிட்ரேட்' என்று ஒன்று இருந்தால் ஆன் செய்யுங்கள். நெட் இளைக்கும்போது ஆப் தானே தரத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். இல்லையென்றால் யாராவது குறுக்கே போகும்போதெல்லாம் படம் ஊதி ஊதி அடங்கும்.

யூடியூப் பக்கத்தில் தாமதத்தை 'நார்மல்' என்றே விடுங்கள். மிகக் குறைந்த தாமதம் கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் சிறு தடங்கலுக்கும் பார்ப்பவர் திரையில் வட்டம் சுற்றும்.

படி 5: சத்தம்

போனின் மைக்கில் வர்ணனை கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். மைக் செட்காரரிடம் போய், "அண்ணே, மிக்ஸர்ல ரெக்கார்டு அவுட் ஒண்ணு குடுங்கண்ணே" என்று கேளுங்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார். அங்கிருந்து வரும் சத்தம் போனின் மைக் துளைக்கு ரொம்ப அதிகம். நேரே செருகினால் கரகரவென்று உடையும். சின்ன யூஎஸ்பி ஆடியோ கார்டு ஒன்றில் லைன் இன் வழியாகக் கொண்டுவந்து ஓடிஜியில் (போனின் சார்ஜ் துளையில் யூஎஸ்பி சாதனம் செருக உதவும் இணைப்பு) போனுக்குக் கொடுங்கள். மிக்ஸரில் அளவைக் குறைவாகத் தொடங்கி மெல்ல ஏற்றச் சொல்லுங்கள். ஹெட்போனில் கேட்காமல் லைவ் பட்டனை அழுத்தாதீர்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆட்டங்களுக்கு நடுவே மைக் செட்டில் சினிமாப் பாட்டுப் போடுவார்கள். யூடியூப் லைவையும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. காப்புரிமை உள்ள பாட்டு ஓடினால் எச்சரிக்கும், தொடர்ந்தால் உங்கள் படத்தை எடுத்துவிட்டு வெறும் அட்டையைக் காட்டும். பாட்டு ஆரம்பித்ததும் ஆப்பில் மியூட் அழுத்த ஒரு தம்பியை உட்கார வையுங்கள். பரிசாக அவனுக்குப் பரோட்டா.

படி 6: கால், சார்ஜ், சூடு

இரண்டு சிம் போனில், ஒன்றில் டேட்டா ஓடும்போது இன்னொன்றில் கால் வந்தால் பல மாடல்களில் டேட்டா நின்றுவிடும். ஹாட்ஸ்பாட் போனில் ஒரே சிம் மட்டும் வையுங்கள். அதற்குக் கால் வராதபடி வேறு நம்பருக்குத் திருப்பிவிடுங்கள். கேமரா போனில் சிம்மே வேண்டாம். இரண்டுக்கும் பவர் பேங்க். பகல் ஆட்டம் என்றால் வெயில் நேரே படாமல் நிழல் கொடுங்கள், உறையைக் கழற்றிவிடுங்கள்.

படி 7: ஓடும்போது

பார்வையாளராக இன்னொரு போனில், வேறு நெட்டில் பார்த்துக்கொண்டே இருங்கள். நெட் போனால் பதறி லைவை முடித்துவிடாதீர்கள். நெட் சீக்கிரம் திரும்பினால் ஆப் அதே ஸ்ட்ரீம் கீயில் மீண்டும் சேர்ந்துகொள்ளும், பார்ப்பவர்களும் அதே இடத்தில் இருப்பார்கள். ஆப்பிலேயே போனில் ஒரு நகல் பதிவாகும்படி வையுங்கள். நெட் படுத்தாலும் இறுதி ஆட்டத்தை மறுநாள் வீட்டிலிருந்து முழுசாக ஏற்றலாம்.

இந்த மூங்கில் கம்பு எத்தனை நாளைக்கு?

கூட்டத்தில் நம் முறைக்குக் காத்திருக்காமல் தனி வரிசை கிடைத்தால்? 5ஜியில் அதற்கு ஏற்பாடு உண்டு. நெட்வொர்க்கைத் துண்டு போட்டு ஒரு துண்டை ஒருவருக்கென்று ஒதுக்கலாம். ஆனால் அதற்கு 4ஜியின் முதுகில் ஏறாத, தனித்து நிற்கும் 5ஜி வேண்டும். ஜியோ 2022ல் தொடங்கியதே அப்படித்தான். ஏர்டெல் 4ஜியோடு சேர்ந்த 5ஜியில் தொடங்கியது. இதைவிட ஒரு படி மேலே போய், 2023 மே மாதம் மன்னர் சார்லஸ் முடிசூட்டு விழாவில் லண்டன் 'தி மால்' சாலையோரம் ஒரு தனியார் 5ஜி வலையே போட்டார்கள். ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்திலிருந்து பிறந்த ஒரு நிறுவனத்தோடு பிபிசி சேர்ந்து செய்தது அது. லட்சம் பேர் நின்ற சாலையில் கேமராக்களுக்கு மட்டும் தனிப் பாதை. நம் ஊர்க் கமிட்டிக்கு அது கட்டுப்படியாகாதுதான். பணம் கொடுத்தவருக்கு மட்டும் முன்வரிசையா என்ற நெட் நியூட்ராலிட்டி கேள்வியும் பின்னாலேயே வரும்.

மறுபக்கம் பார்ப்பவர்களின் நெரிசல். ஊரில் 300 பேர் வீட்டில் படுத்துக்கொண்டு என் லைவைப் பார்த்தால், ஒரே படத்தை டவர் 300 தடவை தனித்தனியாக அனுப்புகிறது. ரேடியோ மாதிரி ஒரு தடவை அனுப்பி எல்லோரும் பிடித்துக்கொண்டால் என்ன? இந்த யோசனை பழசு. ஜப்பானில் 'ஒன்செக்' 2006லேயே போனில் டிவி காட்டியது. அமெரிக்காவில் சிப் கம்பெனியான குவால்காம் தொடங்கிய மீடியாஃப்ளோ என்ற போன் டிவி 2011ல் மூடப்பட்டது. தூர்தர்ஷனும் 2016ல் சென்னை உட்பட 16 நகரங்களில் போனுக்கு டிஜிட்டல் டிவி விட்டது. பார்க்க ஓடிஜியில் ஒரு டாங்கிள் (சிக்னலைப் பிடிக்கும் சின்னக் கருவி) செருக வேண்டும். உங்களில் எத்தனை பேர் அந்த டாங்கிளைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்? இப்போது 'டி2எம்' (டைரக்ட் டு மொபைல், நேரே போனுக்கு) என்ற பெயரில் ஐஐடி கான்பூர், சிப் கம்பெனியான சாங்க்யா லேப்ஸ், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி சேர்ந்து அதையே வேறு நுட்பத்தில் சோதித்திருக்கிறார்கள். இதற்கும் போனுக்குள் தனி சிப் வேண்டும், அங்கேதான் இழுபறி. என்னைக் கேட்டால், கிரிக்கெட்டுக்கும் புயல் எச்சரிக்கைக்கும் அது உதவும். ஊர்க் கபடிக்கு அந்த அலைவரிசையில் யாரும் இடம் தரப்போவதில்லை.

எனக்கு உண்மையில் நம்பிக்கை தருவது கீழ் அலைவரிசைதான். 700 மெகாஹெர்ட்ஸ் 5ஜியில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தனித்தனிப் பாதை. நேரப் பங்கீட்டுச் சண்டை இல்லை. தூரமும் போகும், சுவரையும் ஊடுருவும். ஆகவே இந்த வருஷம் லைவுக்கென்று போன் வாங்குவதாக இருந்தால், கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன்னால் பெட்டியில் 5ஜி பேண்டுகள் பட்டியலைப் பாருங்கள். என்28 (700 மெகாஹெர்ட்ஸ்), என்78 (3300க்கு மேல்) இரண்டும் இருக்க வேண்டும், தனித்த 5ஜியும் ஓட வேண்டும். கடைக்காரர் கொஞ்சம் முறைப்பார், பரவாயில்லை.