புதிய மிரர்லெஸ் கேமராவின் வீடியோ தரத்தை நீங்களே சோதிக்கலாம்

நல்ல வெயிலில் எந்தக் கேமராவும் அழகாகவே படம்பிடிக்கும். குறைகள் வெளிப்படுவது மங்கிய ஒளியிலும், வேகமான அசைவிலும், நீண்ட பதிவிலும்தான். அவற்றைச் சோதிக்க ஒரு மாலைப்பொழுது போதும். 2021இல் வந்த சோனி இசட்வி-இ10 என்ற மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய) கேமராவை வைத்துச் சொல்கிறேன். மற்றவற்றுக்கும் முறை இதுவே.

படி 1: தானியங்கி அமைப்புகளை நிறுத்துங்கள்

ஒளி அளவு, ஒயிட் பேலன்ஸ் (விளக்கொளிக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) இரண்டையும் மேனுவலில் நிலைநிறுத்துங்கள். மெனுவில் பால் (PAL) என்ற வீடியோ முறையைத் தேர்ந்து, 4கே, நொடிக்கு 25 பிரேம் (படச்சட்டம்), 100 எம்பிபிஎஸ் (நொடிக்குப் பதிவாகும் தரவின் அளவு) என வையுங்கள். ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு பிரேமும் ஒளியை வாங்கும் நேரம், 1/50 நொடி. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகளின் ஒளி நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. ஷட்டர் 1/60 ஆக இருந்தால் படத்தில் பட்டைகள் ஓடக்கூடும். பிறகு நல்ல கேமராவின் மீது வீண்பழி விழும்.

படி 2: நுணுக்கம்

சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, முக்காலியில் கேமராவை வைத்து, 4கே, 1080 இரண்டிலும் பதிவு செய்யுங்கள். அடுத்து மெனுவில் என்டிஎஸ்சி (NTSC) என்ற மற்றொரு வீடியோ முறைக்கு மாற்றி 30 பிரேமிலும் எடுங்கள். இந்தக் கேமரா 25 பிரேமில் சென்சாரின் (ஒளியைப் படமாக்கும் சில்லின்) முழு அகலத்தையும் படித்து 4கே ஆகச் சுருக்குகிறது. 30 பிரேமிலோ காட்சி சுமார் 1.23 மடங்கு குறுகிவிடும். கையில் பிடித்துத் தன்னைத் தானே படமெடுப்பவருக்கு இது பெரிய வேறுபாடு. ஆக்டிவ் நடுக்கக் குறைப்பை இயக்கினால் இன்னும் குறுகும்.

படி 3: இருட்டு

மீண்டும் 25 பிரேமுக்கு வாருங்கள். ஜன்னலோரம் ஒருவரை உட்காரவைத்து, வெளிச்சம் மங்க மங்க ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறன் அளவை) 400, 800, 1600, 3200, 6400 என ஏற்றிக்கொண்டே போங்கள். தலைமுடியையும் சுவரின் இருண்ட மூலையையும் கவனியுங்கள். முடி இழைகள் குழைந்து ஒரே கறையாகத் தெரியத் தொடங்கும் இடமே உங்கள் எல்லை. இருட்டில் படத்தில் தோன்றும் இரைச்சல் புள்ளிகளைவிட இந்தக் குழைவே மோசமானது என்பது என் கருத்து. பிற்பாடு எந்த மென்பொருளாலும் அதை முழுதாக மீட்க முடியாது.

படி 4: அசைவு

ஜன்னல் கம்பிகளைப் பார்த்தபடி கேமராவை இடமும் வலமுமாக வேகமாகத் திருப்புங்கள். சென்சார் வரிசை வரிசையாகப் படிப்பதால் கம்பிகள் சாயும். இசட்வி-இ10 இதில் பலவீனமானது. 4கேயில் சாய்வு அப்பட்டமாகத் தெரியும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் போகாது. நடந்துகொண்டே எடுப்பவர்கள் வாங்கும் முன்பே கடையில் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

படி 5: நீண்ட பதிவு

வெப்பநிலையால் தானாக அணையும் அமைப்பை ‘ஹை’ என மாற்றி, திரையைக் கேமராவின் உடலிலிருந்து விலக்கி வைத்து, அணையும்வரை பதிவு செய்யுங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 750 எம்பி தேவைப்படும். யு3 (U3) என்ற வேகக் குறியீடு உள்ள மெமரி கார்டு போடுங்கள். நின்றது சூட்டாலா, பேட்டரி தீர்ந்தா, கார்டு நிறைந்தா எனக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 6: பார்ப்பது

கேமராவின் சிறு திரையை நம்பாதீர்கள். மூலக் கோப்பையே கணினியில் 100 சதவீத அளவில் பாருங்கள். வாட்ஸ்அப் வழியாக வந்த நகல் உதவாது. லென்ஸ் மூடியைப் போட்டும் அரை நிமிடம் எடுத்துப் பாருங்கள். துள்ளும் புள்ளிகள் இயல்பு. இடம் மாறாமல் ஒளிரும் புள்ளி இருந்தால், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.