பிரண்டைத் துவையல் நாக்கில் அரிக்காமல் இருக்க
மழைக்குப் பிறகு காரைக்குடிப் பக்கத்து வேலிகளில் பிரண்டை தளதளவென்று படர்ந்திருக்கும். நகத்தால் கிள்ளினால் பட்டென்று ஒடியும் இளந்தண்டை மட்டும் எடுங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவை நீக்கி, நான்கு விளிம்பிலும் நாரை உரியுங்கள். அரிப்புக்குக் காரணம் தண்டிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள். பச்சை மங்கிச் சுருளும்வரை நல்லெண்ணெயில் வதக்கி, வறுத்த உளுந்து, வரமிளகாயோடு அரையுங்கள். புளியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்!

வைட்டமின் சி, கரோட்டின், ஃபிளேவனாய்டு என ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் இதில் பல உண்டு. வதக்கினால் வைட்டமின் சி குறையும்; கரோட்டினோ எண்ணெயோடுதான் உடலில் நன்றாகச் சேரும். எலும்புக்கு நல்லதென்று ஆச்சிமார் ஊட்டி வளர்த்த துவையல் இது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுங்கள்.